நாயின் முழங்கால் ஜவ்வு கிழிந்தால் அறுவை சிகிச்சை கட்டாயமா?

உங்கள் லாப்ரடாருக்கு ஆறு வயது, 34 கிலோ எடை, முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கிறது. ஓய்வு கொடுத்தால் தானாகக் கூடிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படி நம்பி இரண்டு மாதம் காத்திருந்தேன். நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் செல்லியும் லாப்ரடார்தான். வலி மாத்திரையில் நொண்டல் குறைந்தது, தேறிவருகிறாள் என்று மகிழ்ந்தேன். ஆனால் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் எலும்பு வழுக்கி, மூட்டின் நடுவே மெத்தை போலிருக்கும் மெனிஸ்கஸையும் நசுக்கிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்காக மூட்டைத் திறந்தபோதுதான் தெரிந்தது. கிழிந்த பகுதியை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று.

நாய்களுக்குப் பெரும்பாலும் இந்த ஜவ்வு ஒரே நொடியில் அறுவதில்லை. மாதக்கணக்கில் நைந்து, கடைசியில் ஏதோ ஒரு சாதாரணத் தாவலில் அறுகிறது. அதனால் பந்து எறிந்த பிள்ளையைத் திட்டாதீர்கள். நாயின் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு ஏறக்குறைய 25 டிகிரி பின்பக்கம் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் தொடை எலும்பு வழுக்காமல் பிடித்திருக்கும் கயிறுதான் ஜவ்வு. அமெரிக்காவின் ஓரிகனில் இருந்த கால்நடை மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் 1993இல் விவரித்த டிபிஎல்ஓ (TPLO) என்ற, எலும்பின் சரிவைச் சமன்செய்யும் அறுவை சிகிச்சை முறையில் அந்தக் கயிற்றைத் தைப்பதில்லை. எலும்பின் மேல்முனையை வளைவாக அறுத்துச் சுழற்றி, சரிவை ஏறக்குறைய 5 டிகிரியாகக் குறைத்து, பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து இறுக்குகிறார்கள். சரிவு போனபின் கயிற்றுக்கு வேலையில்லை. இதை முதலில் கேட்டபோது வியந்துபோனேன்.

மூட்டுக்கு வெளியே தடித்த நைலான் இழை கட்டும் முறையும் உண்டு. சிறிய நாய்களுக்கு அது பொருந்தும். 15 கிலோவுக்குக் கீழே சில நாய்கள் ஓய்விலேயே தேறுகின்றன. 34 கிலோ நாய்க்கு வெறும் ஓய்வை நான் நம்பமாட்டேன்.

கடினமான வேலை அறுவை சிகிச்சைக்குப் பின்புதான். எலும்பு கூட எட்டு வாரமாவது ஆகும். செல்லியோ இரண்டாம் வாரமே ஓடத் துடித்தாள். டைல்ஸ் தரை முழுவதும் ரப்பர் பாய் விரித்தோம், மாடிப்படியை அடைத்தோம். சிறுநீர் கழிக்க மட்டும், வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துத் தாங்கி, வாரில் பிடித்து அழைத்துப்போனோம். சோற்றைக் குறைத்து ஐந்து கிலோ இறக்கினோம்.

ஏறக்குறைய பாதி நாய்களுக்கு மறுகாலின் ஜவ்வும் பின்னர் அறுகிறது. அதனால் அடுத்த முறை போகும்போது இரண்டு முழங்கால்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.