துணி யானை தைக்கலாம்: சேலம் வாசகிகள் கேட்டவை

கே: அக்கா மகளுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. கைத்தறிப் பருத்தித் துணி மிச்சம் இருக்கிறது. யானை பொம்மை தைத்துத் தரலாமா? எப்படித் தொடங்குவது?
(வாசகி, செவ்வாய்பேட்டை)

தாராளமாகத் தரலாம். ஒரு வயதுக் குழந்தை கையில் கிடைத்ததை முதலில் வாயில்தான் வைக்கும். அதனால் துணியைச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். வெந்நீரில் ஒருமுறை அலசிக் காயவைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கிவிடும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். அரக்கு, கருநீலம் இரண்டிலும் இந்தத் தொல்லை அதிகம்.

பக்கவாட்டில் நிற்கும் யானையை, 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரத்தில் அட்டையில் வரைந்து வெட்டுங்கள். முன்கால் ஒன்று, பின்கால் ஒன்று போதும். தும்பிக்கையும் காலும் 4 செ.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் திருப்பவும் முடியாது, பஞ்சும் போகாது.

துணியில் 28 × 22 செ.மீ. அளவில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். யானை உருவத்தை இப்போதே வெட்ட வேண்டாம். காதையும் கண்ணையும் முதலில் முடித்துவிடுங்கள். 7 செ.மீ. காதுகளைத் தனியே தைத்துத் திருப்பி, நேர் விளிம்பை உள்ளே மடித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒன்றாக இரட்டைத் தையல் போடுங்கள். கண்ணை நூலால் எம்பிராய்டரி செய்யுங்கள். முடிச்சு துணியின் பின்பக்கம் போய்விடும், குழந்தை விரலுக்கு எட்டாது. ஒரு முகம் இடப்பக்கம் பார்த்தால் மற்றது வலப்பக்கம் பார்க்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். தைத்து முடித்த பிறகு இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டையும் சேர்த்து வைத்து, காதுகளை நடுவுக்கு மடித்துக் குண்டூசி குத்துங்கள். அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே 2 மி.மீ. நீளத் தையல் போடுங்கள். அதற்கு முன்பே 6 செ.மீ. வால் பின்னி இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் செருகி, அந்த இடத்தில் மூன்று தடவை ஓட்டுங்கள். முதுகின் நேர்ப்பகுதியில் 5 செ.மீ. தைக்காமல் திறந்து விடுங்கள், அதன் வழியாகத்தான் திருப்பிப் பஞ்சு அடைக்க வேண்டும். தைத்த பிறகுதான் கோட்டுக்கு வெளியே 7 மி.மீ. விட்டு வெட்ட வேண்டும். இப்படிச் செய்தால் துணி நழுவாது, உருவமும் கோணாது. குண்டூசிகளை எண்ணிக் குத்துங்கள், எண்ணி எடுங்கள்.

கே: வெண்பட்டு வேட்டித் துண்டில் தைத்தேன். பஞ்சு அடைக்கும்போதே காலிடுக்கில் பிய்ந்துவிட்டது. தும்பிக்கையும் கட்டி கட்டியாக இருக்கிறது.
(வாசகி, அம்மாப்பேட்டை)

பட்டில் இழைகள் வழுக்கும். தையல் அறாமலே அதன் ஓரத்தில் இழைகள் விலகிவிடும். பட்டுதான் வேண்டுமென்றால் பின்னால் ஒட்டு கேன்வாஸ் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் துணி) வைத்துத் தேய்த்துவிட்டுத் தையுங்கள். என் கருத்தில், குழந்தை கடித்து இழுக்கும் பொம்மைக்குப் பருத்தியே நல்லது.

எந்தத் துணியானாலும் காலிடுக்கு போன்ற உள்வளைவில் 1.5 மி.மீ. தையலில் இரண்டாம் சுற்று ஓட்டுங்கள். பிறகு தையலுக்கு 2 மி.மீ. முன்னால் நிற்கும்படி கத்தரியால் சிறு வெட்டுகள் கொடுங்கள். வெட்டாமல் திருப்பினால் துணி சுருங்கி இழுக்கும். அதிகம் வெட்டினால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

பஞ்சை உருண்டையாகத் திணிப்பதால்தான் கட்டி விழுகிறது. நெல்லிக்காய் அளவு பிய்த்து, கையால் உதறி, பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் தும்பிக்கை நுனியில் தொடங்குங்கள். அடுத்தது கால்கள், கடைசியில் வயிறு. இந்த அளவுக்குச் சுமார் 70 கிராம் பிடிக்கும். முதுகில் விட்ட திறப்பை இரட்டை நூலால் மறைதையல் போட்டு மூடுங்கள்.

கே: இலவம்பஞ்சு அடைத்த பொம்மையில் மக்கல் வாடை வருகிறது. ஏன்?
(வாசகி, ஏற்காடு)

ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் எதுவுமே முழுதாகக் காயாது. இலவம்பஞ்சு தலையணைக்கு அருமையானது, ஆனால் துவைத்தால் கட்டிப்போகும். விதைகளைப் பொறுக்காமல் விட்டிருந்தால் அவற்றிலுள்ள எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும், பூச்சியும் வரும். அந்தப் பஞ்சை எடுத்துவிட்டு, உறையைத் துவைத்து வெயிலில் உலர்த்தி, பாலியஸ்டர் பஞ்சு அடையுங்கள். அதைத் துவைக்கலாம், சீக்கிரம் காயும்.

கே: சலங்கை, பட்டன் வைக்கலாமா?
(வாசகி, அஸ்தம்பட்டி)

3 வயது வரை வேண்டாம். பிய்ந்து வந்தால் தொண்டையில் அடைக்கும். கழுத்தில் ரிப்பனும் கட்டாதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் தொட்டிலில் எந்தத் துணிப் பொம்மையையும் போடக் கூடாது.

கே: தைத்து விற்கலாமா?
(வாசகி, ஆத்தூர்)

2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவுசெய்த கைவினைஞர்கள் தயாரித்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. முதலில் அந்தக் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பரிசாகத் தருவதற்கு இது எதுவும் தேவையில்லை.