காங்கேயம் பக்கம் மானாவாரிக் காட்டில் விறகுக்காக வேகமாக வளரும் மரம் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் எந்த மரம் என்று யோசிக்கும் முன், விறகைப் பச்சையாக வாங்குவார்களா, காயவைத்து வாங்குவார்களா என்று விசாரித்துவிடுங்கள். நான் விசாரிக்காமல் நட்டவன்.

எங்களுக்குத் தாராபுரம் ரோட்டில் ஒன்றரை ஏக்கர் காடு. (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் காடு என்றால் வனம் அல்ல, மழையை நம்பிய நிலம்.) மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியின் சவுக்கு ரகம் வைக்கலாம் என்றேன். "மொத வருஷம் தண்ணி யாரு ஊத்தறது?" என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சவுண்டல் (சூபாபுல்) வைத்தோம். வெட்டினால் கட்டையிலிருந்து மறுதாம்பு வரும், தழை வெள்ளாட்டுக்கு ஆகும். தழையில் மிமோசின் என்ற நச்சு இருப்பதால் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை. மீட்டருக்கு மீட்டர் நட்டால் ஏக்கருக்கு 4000 கன்று பிடிக்கும். உழவு ஓட்ட வசதியாக நாங்கள் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடைவெளி விட்டு ஏக்கருக்கு 2000 வைத்தோம்.

நான்காம் வருஷம் வெட்டி, நல்ல விறகாகக் கொடுப்போமே என்று இரண்டு மாதம் அடுக்கிக் காயப்போட்டேன். வியாபாரி பச்சை மரத்துக்குச் சொன்ன அதே டன் விலையைத்தான் கொடுத்தார். பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கினால் ஒரு டன் 625 கிலோ ஆகிவிடும். போன 375 கிலோவும் என் காசு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சாயப்பட்டறை பாய்லருக்கு வேண்டியது காய்ந்த விறகுதான். பாதி ஈரமுள்ள ஒரு டன்னில் சுமார் 19 லட்சம் கிலோகலோரி கிடைத்தால், 20 சதவீத ஈரமுள்ள ஒரு டன்னில் 35 லட்சம் வரை கிடைக்கும். பச்சை மரம் தன் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டைச் செலவழிக்கும். அடுத்த வெட்டுக்கு, மரத்தில் கைவைக்கும் முன்பே காய்ந்த டன்னுக்குத் தனி விலை பேசினேன். கேட்டதில் பாதி உயர்வுதான் கிடைத்தது. வெட்டுக்கூலியும் லோடு வாடகையும் போக ஏதோ நின்றது.

அப்புறம், நெற்று முற்றி விதை சிதறினால் கண்ட இடத்தில் முளைக்கும், கவனம். பக்கத்துத் தோட்டத்து மாமா இன்னும் தன் மஞ்சள் பாத்தியில் எங்கள் சவுண்டல் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்.