பரணில் கிடக்கும் வாக்கர்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். முன்பு வாக்கர் பிடித்து நடப்பான். இரண்டு வருடங்களுக்கு முன் புது வீட்டுக்கு வந்ததும், டைல்ஸில் கீறல் விழுகிறதென்று வாக்கரைப் பரணில் ஏற்றிவிட்டோம். பள்ளியிலும் வீட்டிலும் சக்கர நாற்காலிதான். இப்போது எடை கூடிவிட்டது, கால்களும் விறைத்துக்கொண்டே போகின்றன. தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு வலி. விறைப்புக்கு ஏதோ ஊசி இருக்கிறதாமே, போடலாமா? எங்களுக்குப் பிறகு தம்பியை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிளஸ் ஒன் படிக்கும் மகளிடம் இப்போதே சொல்லி வைக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, ஊசிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் டைல்ஸ்.

நடந்துகொண்டிருந்த பிள்ளையை, தரை கெட்டுப்போகும் என்று உட்கார வைத்திருக்கிறீர்கள். அதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டு, கால் ஏன் விறைக்கிறது என்று கவலைப்படுகிறீர்கள். வாக்கர் காலில் மாட்டும் ரப்பர் புஷ் தேய்ந்தால்தான் தரையில் கீறல் விழும். மருத்துவ உபகரணக் கடையில் கேட்டால் புதிது கிடைக்கும். வீடு கட்டத் தெரிந்த உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் அதைக் கேட்டு வாங்கத் தோன்றவில்லையா? இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

வளரும் வயதில் எலும்பு நீளும் வேகத்துக்கு விறைத்த தசை நீளாது. நாள் முழுக்க முழங்கால் மடங்கியே இருந்தால் தசை குறுகி, மூட்டு அப்படியே இறுகிப்போகும். காலில் எடை ஏறாவிட்டால் எலும்பும் வலுவிழக்கும். இந்த நோயுள்ள பிள்ளைகளில் பலருக்கு நடை தளரத் தொடங்குவதே இந்தப் பருவத்தில்தான். உங்கள் மகன் இன்னும் அதிகமாக அசைய வேண்டிய இரண்டு வருடங்கள் நாற்காலியில் போய்விட்டன.

பயிற்சி கொடுத்தால் விறைப்பு கூடும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே பயந்தார்கள். 1990களில் நடந்த ஆய்வுகள் அந்தப் பயத்தை உடைத்தன. தசைக்கு வலுவூட்டும் பயிற்சியால் பலம் கூடியது, விறைப்பு கூடவில்லை. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் உடல் இயக்கத்துக்கான தன் வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே முதன்முறையாகப் பரிந்துரைகளைச் சேர்த்தது. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட இயக்கம், மற்ற பிள்ளைகளுக்குச் சொன்ன அதே அளவு. அதை எட்ட முடியாதவர்கள் முடிந்ததில் தொடங்கி மெல்லக் கூட்டலாம், கொஞ்சம் அசைந்தாலும் நல்லதுதான் என்கிறது அது. உடல்நிலைக்கும் திறனுக்கும் ஏற்றபடி செய்தால் பெரிய ஆபத்து இல்லை என்றும் சொல்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகள் ஏன் விளையாடுவதில்லை என்று தேடிய ஆய்வுகளில், இடவசதி இல்லாததோடு பெற்றோரின் பயமும் திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் வீட்டில் அந்தப் பயம்கூட இல்லை, தரை மட்டும்தான்.

சரி, ஊசி. அது புதிதல்ல, விறைப்பைத் தளர்த்தும் மருந்துதான். அதன் வேலை சில மாதங்கள் மட்டுமே. அந்த மாதங்களில் நீட்டி மடக்கி, நின்று பழகினால்தான் பலன். ஊசியைப் போட்டுவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தால் காசுக்குத்தான் கேடு. வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். அவரிடம் இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று மறக்காமல் கேளுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுவதுண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) பற்றி விசாரியுங்கள். இரண்டு வருட இடைவெளிக்குப் பின் வாக்கரை இறக்கி நேராகக் கையில் கொடுத்துவிடாதீர்கள். பையன் வளர்ந்திருப்பான், உயரத்தை இயன்முறை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்த பிறகு கொடுங்கள்.

பள்ளிக்கும் போங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, மற்ற மாணவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் தரச் சொல்கிறது. விளையாட்டு பீரியடில் அவன் எங்கே இருக்கிறான் என்று கேளுங்கள். வகுப்பறையில் தனியாக என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

அவனும் அந்த வீட்டுப் பிள்ளை, அவனுக்கும் வேலை உண்டு. சட்டையை அவனே போட்டுக்கொள்ளட்டும், கால் மணி நேரம் ஆனாலும் பக்கத்தில் நின்று உதவாமல் நகர்ந்து போங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது ஒரு நொடி ஊன்றி நிற்கப் பழகினாலே உங்கள் இடுப்புக்குப் பாதி பாரம் குறையும்.

மகளிடம் எதையும் சொல்லி வைக்காதீர்கள். தம்பி மேல் அவளுக்கு இருக்கும் பாசம் அவளுடையது, அதை இந்த வயதில் பத்திரம் எழுதி வாங்கப் பெற்றோருக்கு உரிமை இல்லை. இன்று உங்களால் முடிகிற வேலையைத் தள்ளிப்போட்டு நாளைக்கு அவள் தலையில் இறக்குவதை நான் ஒப்பமாட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவரைப் பரணில் ஏறச் சொல்லுங்கள்.