காதுக்குள் மறையும் மெஷின் உங்கள் காதுக்குப் போதுமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். வயது 46. சில ஆண்டுகளாக இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் படிப்படியாகக் குறைந்து வருகிறது. எடுத்த ஆடியோகிராமை (செவித்திறன் சோதனையின் வரைபடத்தை) இணைத்திருக்கிறேன். காதுக்குப் பின்னால் மெஷின் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர் முன் நிற்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. காதுக்குள்ளேயே மறைந்துவிடும் சிறிய கருவியை விளம்பரத்தில் பார்த்தேன். விற்பனை மையத்தில் விசாரித்தபோது, எனக்கு அது பொருந்தும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: உங்கள் ஆடியோகிராமில் வலது காதுக்கு 500 ஹெர்ட்ஸில் 60, 1000-இல் 75, 2000-இல் 80, 4000-இல் 90 டெசிபல் குறைபாடு என்று குறிக்கப்பட்டிருக்கிறது. நான்கின் சராசரி 76 டெசிபல். இடது காதும் ஏறத்தாழ இதே அளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 65 முதல் 80 டெசிபலுக்குள் வருவது தீவிரக் குறைபாடு. நீங்கள் அதன் மேல் எல்லைக்கு அருகில் நிற்கிறீர்கள். ஆகவே, செவிக்குழாய்க்குள் முழுதும் மறையும் ஐஐசி, சிஐசி வகைக் கருவிகளை இந்த ஆடியோகிராமை வைத்து நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால், மறைவாக அணிய வழியே இல்லை என்பது இதன் பொருளல்ல.

காரணம் எளிய கணக்கு. குறைபாட்டின் அளவில் ஏறத்தாழப் பாதியைக் கருவி பெருக்கித் தர வேண்டும் என்பது எங்கள் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் தோராய விதி. குறைபாடு தீவிரமாகும்போது பாதிக்கும் சற்று மேலாகவே தேவைப்படும். உங்களுக்குச் சுமார் 40 டெசிபல், கூர்மையான ஒலிகளுக்கு 45-க்கு மேல் வேண்டும். சிஐசி வகைக் கருவிகளின் உச்சப் பெருக்கமே பொதுவாக 40 முதல் 50 டெசிபல்தான். பவர் ரிசீவர் (காதுக்குள் ஒலியை விடும் சிறு ஒலிபெருக்கியின் கூடுதல் சக்தி வகை) பொருத்திய சில மாடல்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அதாவது முதல் நாளிலிருந்தே கருவியை அதன் எல்லையில் ஓட்ட வேண்டியிருக்கும். நாளை செவித்திறன் இன்னும் 5 அல்லது 10 டெசிபல் குறைந்தால், கூட்டிக் கொடுக்க அதில் எதுவும் மிச்சமிருக்காது. காதுக்குப் பின்னால் அணியும் சூப்பர் பவர் கருவிகளில் 80 டெசிபல் வரை பெருக்கம் உண்டு என்பதோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி புரியும்.

செவிப்பறைக்கு அருகில் அமர்வதால் சிறிய கருவிக்குச் சில டெசிபல் லாபம் கிடைக்கும் என்று விற்பனையாளர் சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால், அந்த லாபத்தை உண்ண அனுமதிக்காத ஒரு சிக்கலும் அதே சிறிய உருவத்தில் இருக்கிறது. ஒலியை வாங்கும் மைக்கும், பெருக்கிய ஒலியைக் காதுக்குள் விடும் ரிசீவரும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் அமர்ந்திருக்கின்றன. பெருக்கத்தைக் கூட்டக் கூட, காதுக்குள் போன ஒலி மோல்டின் (காதின் அச்செடுத்துச் செய்த உறையின்) ஓரமாகக் கசிந்து வெளியே வந்து மறுபடி மைக்கில் நுழைகிறது. அதுதான் 'கீச்' என்ற விசில் சத்தம். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் முன் போய் நின்றால் வருமே, அதே சத்தம். கருவிக்குள் இருக்கும் மென்பொருள் இதை ஓரளவு அடக்கும் என்றாலும், அடக்கும்போது சில சமயம் தேவையான பெருக்கத்தையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது.

எங்கள் மையத்தில் ஒருவருக்குச் சிறிய கருவியைப் பொருத்திப் பார்த்தபோது, அமைதியாக அமர்ந்திருந்தவரை விசில் தொந்தரவு செய்யவில்லை. கையில் முறுக்கு ஒன்றைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னேன். இரண்டாவது கடியிலேயே கருவி கீச்சிட்டது. தாடை அசையும்போது செவிக்குழாயின் வடிவமும் மாறுகிறது. உள்ளே இருக்கும் மோல்டு அப்படி மாறாததால் நூலளவு இடைவெளி விழுந்து ஒலி கசிகிறது. நாள் முழுதும் பேசி விற்பவருக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் இருக்க முடியாது.

இன்னொன்று, உங்கள் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையது. மிகச் சிறிய கருவிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு மைக்தான் இருக்கும். எதிரில் நிற்பவரின் குரலை முன்னிறுத்திப் பக்கவாட்டு, பின்புற இரைச்சலைத் தணிக்கும் திசை அறியும் அமைப்புக்கு இரண்டு மைக்குகள் தேவை. தீபாவளி நேரத்து ஜவுளிக்கடையில் மின்விசிறி, ஒலிபெருக்கிப் பாட்டு, பக்கத்துக் கவுன்டர் பேரம் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்தறிய அந்த அமைப்புதான் உதவும். தவிர, பெருக்கம் அதிகமாக ஓடும் கருவி பேட்டரியை விரைவாகத் தின்னும். ஐஐசி-யில் போடும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய 10-ஆம் எண் பேட்டரியின் கொள்ளளவு, ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13-ஆம் எண் பேட்டரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். குறும்பியும் வியர்வையும் ரிசீவரை அடைக்கும் தொல்லை தனி.

சரி, எதை வாங்குவது? ரிசீவர் காதுக்குள் இருக்கும் ஆர்ஐசி வகையை, பவர் ரிசீவருடனும் உங்கள் காதுக்கென்றே அச்செடுத்துச் செய்த மூடிய மோல்டுடனும் பொருத்திப் பாருங்கள். கருவியின் உடல் பகுதி செவிமடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்; அங்கிருந்து மெல்லிய கம்பி ஒன்று மட்டுமே முன்னால் இறங்கும். மைக் மேலே, ரிசீவர் உள்ளே என்று தள்ளித் தள்ளி இருப்பதால் விசில் குறைகிறது. இரண்டு மைக்குகளுக்கும் இடம் இருக்கிறது. செவித்திறன் பின்னர் குறைந்தாலும், பல மாடல்களில் கருவியை மாற்றாமல் ரிசீவரை மட்டும் கூடுதல் சக்தி கொண்டதாக மாற்றிக்கொள்ளலாம். நிறத்தைத் தோலுக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பதுதான் பலருடைய வழக்கம். நான் முடியின் நிறத்தையே சொல்வேன், ஏனென்றால் கருவி இருப்பது முடியோரத்தில்.

காதுக்குள் வைப்பதையே விரும்பினால், செவிமடலின் குழிவை நிரப்பும் முழு ஷெல் ஐடிஇ ஒன்று மிச்சமிருக்கிறது. அதில் பவர் ரிசீவருக்கும் பெரிய பேட்டரிக்கும் இடமுண்டு. வேடிக்கை என்னவென்றால், வெளியே தெரிவதில் இது ஆர்ஐசி-யை மிஞ்சிவிடும். கவுன்டருக்கு எதிரே நிற்பவர் உங்கள் முகத்தை நேராகப் பார்க்கிறார். காதுக்குப் பின்னால் இருப்பது அவர் கண்ணில் படாது, காதுக் குழியை அடைத்திருப்பதோ எளிதில் படும்.

மூடிய மோல்டு என்றதும் காது அடைத்துக்கொண்டு சொந்தக் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்குமோ என்று அஞ்ச வேண்டாம். தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்பவர்களுக்குத்தான் அது பெருந்தொல்லை. உங்களுக்கு 250 ஹெர்ட்ஸிலேயே 50 டெசிபல் குறைபாடு இருப்பதால் முழக்கம் அவ்வளவாக உறைக்காது. அச்செடுக்கும்போது வாயைத் திறந்து வைத்தும் ஓர் அச்சு எடுக்கச் சொல்லுங்கள். முறுக்குக் கதையின் மருந்து அதில்தான் இருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவர் உங்கள் செவிப்பறையைப் பார்த்திருக்க வேண்டும். சீழ் வடியும் காதை மோல்டால் அடைப்பது தவறு. உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு காது ஓரிரு நாளில் திடீரென மந்தமானால், மெஷின் கடைக்குப் போகாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், அதற்குச் சிகிச்சை உண்டு, நாள் கடந்தால் பலன் குறையும்.

அடுத்து, கருவியைப் பொருத்துபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்தானா (செவித்திறன் நிபுணர்தானா) என்று பதிவெண்ணைக் கேட்டு உறுதி செய்யுங்கள். செவிப்பறைக்கு அருகில் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, கருவி உண்மையில் எவ்வளவு ஒலியைத் தருகிறது என்று அளக்கும் 'ரியல் இயர்' அளவீட்டைச் செய்யச் சொல்லுங்கள். "நல்லா கேக்குதா?" என்ற கேள்விக்குத் தலையாட்டுவது அளவீடு ஆகாது. உங்கள் அறிக்கையில் சொல்லறியும் திறன் வலதில் 64, இடதில் 60 சதவீதம் என்றிருக்கிறது. கருவியின் உதவியால் பலன் பெறக்கூடிய காதுகள்தாம் இவை. ஆகவே இரண்டு காதுகளுக்கும் அணியுங்கள். நன்கு பொருத்திய பிறகும் சொற்களில் பாதியைக்கூடப் பிடிக்க முடியாத நிலை எதிர்காலத்தில் வந்தால், அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றிப் பேசலாம். இப்போது அதற்கு அவசரமில்லை.

இரண்டு காதுகளிலும் குறைபாடு 70 டெசிபலைத் தாண்டியிருப்பதால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உங்களுக்குத் தகுதி இருக்கிறது. அதன் அடிப்படையில் கிடைக்கும் உதவிகளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

கடைசியாக, கருவியை ஒரு வாரமாவது சோதனைக்குக் கேளுங்கள். தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். அமைதியான அறையில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் கேட்கும், ஆகவே சோதனையை உங்கள் ஜவுளிக்கடையிலேயே நடத்துங்கள். உங்களோடு வேலை செய்யும் ஒருவரிடம் 'பச்சை', 'பட்டை', 'பத்தை' என்ற சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். இவற்றை வேறுபடுத்துவது கூர்மையான மெய்யொலிகள். நாக்கு வாய்க்குள் செய்யும் வேலை என்பதால் உதட்டைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஆனாலும், அவர் முகத்தைச் சேலை மடிப்பு ஒன்றால் மறைத்துக்கொள்ளட்டும். கூட்டம் இருக்கும் மாலை நேரத்தில், ஒரு மீட்டர் தள்ளி நின்று, இருபது முறை. எத்தனை சரியாகப் பிடித்தீர்கள் என்று குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு மறுபடி உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் போங்கள்; கருவியின் அமைப்பை எங்கே திருத்த வேண்டும் என்று அவருக்கு அது சொல்லும்.