கேசியோ கையடக்கத் தொலைக்காட்சி: ஒலி உண்டு, படம் வெளிறுகிறது

வணக்கம். கோத்தகிரியில் உங்களிடமுள்ள கேசியோ எல்சிடி கையடக்கத் தொலைக்காட்சியில் ஒலி சீராக வந்து, பின்விளக்கும் எரிந்து, படம் மட்டும் வெளிறுவதாகவும் சில செங்குத்துக் கோடுகள் விடுபடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இவை இரண்டும் தனித்தனிப் பழுதுகள் என்றே கருதுகிறேன்.

படம் வெளிறுவதற்காக அவசரப்பட்டுத் திரையை மாற்ற வேண்டாம். அக்காலச் சிறு கருவிகளின் மின்பகு கெப்பாசிட்டர்கள் (உள்ளே திரவம் கொண்ட, மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு உறுப்புகள்) நாளடைவில் கசிந்து, பலகையின் செம்புத் தடங்களை அரித்து, திரைக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் குலைத்துவிடுகின்றன. நம் நீலகிரியின் மழைக்கால ஈரம் அந்த அரிப்புக்குத் துணைபோகிறது. மீன் வாடையோ பச்சைப் படிவோ தென்பட்டால் ஐயமே வேண்டாம். பேட்டரியை எடுத்துவிட்டு, பழைய கெப்பாசிட்டர்களைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பலகை நன்கு உலர்ந்தபின் அதே மதிப்புள்ள புதியவற்றை நேர், எதிர் முனை மாறாமல் பற்றவையுங்கள்.

கோடுகள் விடுபடுவது, பெரும்பாலும், கண்ணாடியைப் பலகையோடு இணைக்கும் மெல்லிய பட்டை தளர்வதால்தான். மெல்ல அழுத்தும்போது கோடு திரும்பினால் அதுவே காரணம். பற்றவைப்புக் கோலை மட்டும் அதனருகே கொண்டுசெல்லாதீர்கள்.

இத்தகைய பழைய கருவி பெறக்கூடிய தூர்தர்ஷனின் அனலாக் ஒளிபரப்பு பெரும்பாலும் நின்றுவிட்டதால், வீடியோ உள்ளீடு இருந்தால் டிவிடி கருவியை இணைத்துச் சோதியுங்கள். ஜப்பானில் விற்கப்பட்ட கருவியாயின் அந்நாட்டின் பழைய அனலாக் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி சமிக்ஞையையே கொடுக்க வேண்டும்.