முதலில் பள்ளிக்கூடம்

கேள்வி: ஏற்காட்டில் கணவர் வீட்டுச் சண்டை தாங்காமல், மகளோடு ஜூன் மாதம் சேலம் அம்மாப்பேட்டையில் உள்ள என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளுக்கு 7 வயது. ‘அஞ்சு வயசு தாண்டிடுச்சு, இனி பிள்ளை அப்பாவுக்குத்தான்’ என்கிறார்கள். பள்ளிக்கு அனுப்பினால் அவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று வீட்டிலேயே வைத்திருக்கிறேன். எனக்கு வருமானமும் இல்லை. சட்டத்தில் எனக்கு என்ன உரிமை?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: ஜூனில் வந்தவர் அக்டோபரில் எழுதுகிறீர்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை இத்தனை மாதமாக வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு உரிமையைக் கேட்கிறீர்களே, எப்படி அம்மா மனசு வந்தது?

ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது, இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். ஐந்து முடிந்ததும் அப்பாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று அதன் 13-ஆவது பிரிவு சொல்கிறது. வருமானம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தாயை ஒதுக்க மாட்டார்கள், ஜீவனாம்சம் கேட்கலாம்.

சரி, அந்த நலனைக் காட்ட கோர்ட்டில் எதை வைப்பீர்கள்? ‘பிள்ளையைப் படிக்க வைத்தாயா?’ என்று அவருடைய வக்கீல் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கோர்ட்டை விடுங்கள். பெரியவர்கள் சண்டைக்கு அவள் ஏன் வாய்ப்பாட்டையும் கூட்டாளிகளையும் இழக்க வேண்டும்?

நாளைக்கே பக்கத்து அரசுப் பள்ளியில் சேருங்கள். டி.சி. வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தலைமை ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லி, உங்களுக்குப் போன் செய்யாமல் யாருடனும் அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அங்கிருந்து நேராக அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அவர் பிள்ளையைத் தூக்கிப் போகாதபடி இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

அப்புறம், அவர் உங்களையோ பிள்ளையையோ அடித்ததாகக் கடிதத்தில் இல்லை. அப்படி நடந்திருந்தால் வக்கீலிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவள் அப்பாவைப் பார்க்கட்டும். உங்களுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை என்பதற்காகப் பிள்ளைக்கு அப்பா இல்லாமல் போவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோர்ட் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலேயே, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட இருக்க அவர் வந்து பார்க்கலாம் என்று மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள்.