மைலேஜுக்காக காரை மாற்றலாமா?

கேள்வி: பல்லடத்தில் வீடு, கோவையில் வேலை. தினமும் போக வர 70 கி.மீ., மாதத்தில் 25 நாள். என் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் லிட்டருக்கு 13தான் கொடுக்கிறது. பெட்ரோலுக்கே 13,500 ரூபாய் போகிறது. வண்டியைக் கொடுத்துவிட்டு, மேலே 4 லட்சம் கடன் போட்டு ஒரு பழைய டீசல் கார் எடுக்கலாமா? இழுவை வேண்டும் என்று பெரும்பாலும் மூன்றாவது கியரில்தான் ஓட்டுவேன். ஒரு லட்சம் நகைக் கடனும் இருக்கிறது.

பதில்: வேண்டாம். டீசல் கார் லிட்டருக்கு 18 கொடுக்கிறது, டீசல் 92.50 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 9,000 ரூபாய் ஆகும், மிச்சம் 4,500. பழைய கார் கடனுக்கு வட்டி கூடுதல். 12 சதவீதம் என்றால் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை 8,900 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். பழைய டீசலில் டர்போ, இன்ஜெக்டர் செலவு வந்தால் அது தனி.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த மூன்றாவது கியர்தான். நம்மூர் 1.2 லிட்டர் கார்களில் 60 கி.மீ. வேகத்தை மூன்றாவது கியரில் ஓட்டினால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) முள் 3,000 பக்கம் நிற்கும். அதே 60-ஐ ஐந்தாவதில் போனால் 1,800 சொச்சம். வண்டி போகும் வேகம் ஒன்றுதான். இன்ஜின் மட்டும் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் கூடுதலாகச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனும் பேரிங்கும் உராய்வதற்கு ஒரு பங்கு எரிபொருள் போகிறது. இன்னொரு நஷ்டம் வெளியே தெரியாது. கீழ் கியரில் ஆக்சிலரேட்டரை லேசாகத்தான் மிதிப்பீர்கள். அப்போது இன்ஜினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டில் பாதி மூடியே இருக்கும். அந்தச் சின்னச் சந்து வழியாகக் காற்றை இழுக்கவே இன்ஜின் திணறும். மேல் கியரில் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் அது திறந்துகொள்ளும். காலை அழுத்தினால் பெட்ரோல் போய்விடும் என்ற பயம் பாதிதான் சரி.

அதற்காக 35-இல் ஐந்தாவது போட்டு வண்டியை உதறவிடாதீர்கள், இன்ஜின் அடி வாங்கும். சமதளத்தில் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்-க்குள் அடுத்த கியருக்குப் போங்கள். மேடு, ஓவர்டேக் என்றால் யோசிக்காமல் கீழ் கியர். இறக்கத்தில் நியூட்ரல் போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கியரில் வைத்துக் காலை எடுத்தால் இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் சும்மா ஓடுவதற்கே பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். பிரேக்குக்கும் நல்லதல்ல.

சூலூர் தாண்டி ரோடு காலியாக இருந்தால் 100-ஐத் தொடத் தோன்றும். 80-க்கும் 100-க்கும் நடுவே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது, எந்தக் கியரில் போனாலும். சிங்காநல்லூர் சிக்னலில் எப்படியும் நிற்கத்தானே போகிறீர்கள்?

டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம். ஒரே பெட்ரோல் பங்க்கில், தானாக கட் ஆகும் வரை டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்கள். டேங்க் தீரப்போகும்போது அதேபோல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். பழைய பழக்கத்தில் ஒரு டேங்க், புதுப் பழக்கத்தில் ஒரு டேங்க் போட்டுப் பாருங்கள். டயர் காற்று இரண்டு தடவையும் ஒரே அளவில் இருக்கட்டும்.

13 என்பது 15 ஆனாலே, பெட்ரோல் 101 ரூபாய் கணக்கில், மாதம் 1,800 ரூபாய் கையில் நிற்கும். 15 வராமல் 14-லேயே நின்றால் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஒட்டுகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்தச் செலவு கடன் தவணையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மிஞ்சும் பணத்தை ஆர்டியில் (வங்கியில் மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடாதீர்கள். அதில் வரும் வட்டியைவிட நகைக் கடனுக்குக் கட்டும் வட்டி அதிகம். பெரும்பாலான நகைக் கடனில் நடுவிலேயே பகுதிப் பணம் கட்ட விடுவார்கள். உங்கள் வங்கியில் கேட்டு, மாதாமாதம் அதில் கட்டுங்கள். முதலில் வட்டிக்குப் போகும், மீதி அசலில் கழியும். ரசீதில் அசல் குறைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.